வாந்திபேதியும் கணக்குப் புஸ்தகமும்

ஒரு சங்கத்தின் இருப்பில் பணம் குறைந்தால், அது எங்கே போயிற்று என்று அறிவதற்கு அங்கத்தினர்கள் ஜோசியரிடம் செல்வதில்லை. ஊரார் பேச்சையும் நம்புவதில்லை. நாள்வழியையும் பேரேட்டையும் எடுத்து வைத்துக்கொண்டு, எந்தத் தேதியில், யார் பெயரில், எந்த இனத்தில், எவ்வளவு பற்று எழுதப்பட்டிருக்கிறது என்று வரிவரியாகப் பார்க்கிறார்கள். கணக்கு ஒழுங்காக எழுதப்பட்டிருந்தால் குற்றம் தானே வெளிப்படும். எழுதாமல் விட்ட வரி ஒன்று இருக்குமானால், பெரும்பாலும் அந்த இடத்திலேயே நஷ்டமும் ஒளிந்திருக்கும்.

கொள்ளைநோயின் விஷயமும் இதுவே. ஓர் ஊரில் வியாதி புகுந்து ஜனங்கள் மாளும்போது, அதன் காரணத்தைக் கண்டுபிடிப்பதற்கு முதலாவது வேண்டிய கருவி பூதக்கண்ணாடியன்று, கணக்கேயாகும். யார் யார் நோயுற்றார்கள், எந்தத் தெருவில், எந்த நாளில், என்ன உண்டு என்ன குடித்தார்கள் என்று எழுதிக் கூட்டிப் பார்த்து, நோய் வரும் வழியைக் கண்டு அடைப்பதையே தொழிலாகக் கொண்ட வைத்தியர்கள் உண்டு. அவர்களைக் கொள்ளைநோய் ஆராய்ச்சியாளர் என்று சொல்லலாம். அந்தச் சாஸ்திரத்துக்கு வழிகாட்டியவர்களுள் முக்கியமான ஒருவரின் வேலையையும், அதிலிருந்து ஒவ்வொரு குடும்பமும் ஒவ்வொரு சங்கமும் அறிந்துகொள்ள வேண்டியவற்றையும் இங்கே விவரிப்போம்.

நோயின் தன்மை

வாந்திபேதி என்னும் காலரா, கங்கை நதி கடலில் சேரும் வங்காளப் பிரதேசத்தில் நெடுங்காலமாக இருந்து வந்தது. 1817-ஆம் ஆண்டில் அங்கிருந்து வெளிப்பட்டுத் தரைவழியாகவும் கப்பல் வழியாகவும் பல தேசங்களிலும் பரவலாயிற்று. அதுமுதல் இதுவரை ஏழு தடவை அது உலகக் கொள்ளைநோயாகக் கிளம்பியிருக்கிறது. ஏழாவது தடவை 1961-ல் இந்தோனேஷியாவைச் சேர்ந்த சுலவேசித் தீவில் தொடங்கிற்று. அது இன்னும் முடிவுபெறவில்லை. 1992-ல், அதுவரை கொள்ளைநோய்க்குக் காரணமாக அறியப்படாத ஓ139 என்னும் ஒரு புதிய இனக் காலராக் கிருமி சென்னையில் கண்டறியப்பட்டதும், அது பின்னர் வங்காளத்திலும் பங்களாதேஷிலும் பரவியதும் இவ்விஷயத்தில் நினைவில் வைக்கத் தக்கவை. ஆகவே இது பாட்டன் காலத்துக் கதை என்று ஒருவரும் அலட்சியமாக இருப்பதற்கில்லை.

நோயாளியின் மலத்திலுள்ள கிருமி, தண்ணீர் மூலமாகவோ, உணவு மூலமாகவோ, கழுவாத கை மூலமாகவோ மற்றொருவர் வாய்க்குள் போவதனாலேயே இந்நோய் உண்டாகிறது. கிருமி உட்சென்ற சில மணி நேரம் முதல் ஐந்து நாட்களுக்குள் நோய் காணும். கடுமையாகக் கண்டால் அரிசி கழுவிய நீர் போன்ற பேதி ஓயாமல் போகும், வாந்தி உண்டாகும், கெண்டைக்கால் பிடித்திழுக்கும், கண்கள் குழிவிழும், நாடி ஒடுங்கும். உடலிலுள்ள நீரும் உப்பும் வெளியேறிவிடுவதே மரணத்துக்குக் காரணம். கடுமையாகக் கண்டவர்களுக்குச் சிகிச்சை இல்லாவிட்டால் பாதிப்பேர் வரையில் இறக்கக்கூடும், அதுவும் சில மணி நேரத்திற்குள்ளேயே. தக்க சிகிச்சை உடனே கிடைத்தால் நூற்றுக்கு ஒருவர்கூட இறப்பதில்லை. கிருமி உட்சென்றவர்களில் பெரும்பாலோர்க்கு வியாதிக் குறி தோன்றுவதே இல்லை, அல்லது சாதாரண வயிற்றுப்போக்கே காணும். ஆயினும் அவர்கள் மலத்திலும் சில நாட்கள் வரை கிருமி வெளிப்பட்டுக்கொண்டிருக்கும். இந்த ஒரு விஷயத்தை வாசகர்கள் மறவாதிருக்க வேண்டும்; பின்னால் இதற்கு முக்கியமான உபயோகம் உண்டு.

துர்நாற்றத்தின் மேல் பழி

இப்போது சிறுவரும் அறிந்த இவ்வுண்மை, நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன் பெரிய வைத்தியர்களுக்கும் தெரியாதிருந்தது. இங்கிலாந்தின் தலைநகராகிய லண்டனில் காலரா முதன்முதல் 1832-ல் புகுந்தது. பிறகு 1848-49லும், 1853-54லும் வந்து பல்லாயிரம் பேரை வாரிக்கொண்டு போயிற்று. அழுகிய பொருள்களிலிருந்து கிளம்பும் கெட்ட வாயுவைச் சுவாசிப்பதனாலேயே இந்நோய் வருகிறது என்று அந்நாளில் கற்றோரும் மற்றோரும் உறுதியாக நம்பினார்கள். நாற்றம் மிகுந்த ஏழைத் தெருக்களில் நோயும் மிகுந்திருந்தமையால் அந்நம்பிக்கை வலுப்பட்டது.

அதன் விளைவு யாதெனில், நாற்றத்தைப் போக்க வேண்டுமென்னும் நல்லெண்ணத்துடன், நகரத்தார் சாக்கடைகளையும் மலக்குழிகளையும் கழுவி அந்த அசுத்தத்தைத் தேம்ஸ் நதிக்குள் விடுவித்தார்கள். அந்த நதியிலிருந்தே பல குடிதண்ணீர்க் கம்பெனிகள் தண்ணீர் எடுத்து வீடுகளுக்கு அனுப்பின. தெருவில் நாற்றம் குறைந்தது. குடிதண்ணீரில் மலம் சேர்ந்தது. நல்லெண்ணம் மட்டும் இருந்து, கணக்கு இல்லாவிட்டால், பரிகாரமே நோயாக முடியும் என்பதற்கு இதைக் காட்டிலும் வேறு உதாரணம் வேண்டியதில்லை.

ஜான் ஸ்நோ என்னும் வைத்தியர்

இந்த நம்பிக்கையை ஏற்காதவர் ஜான் ஸ்நோ. இவர் 1813-ல் யார்க் நகரத்தில் ஒரு தொழிலாளியின் வீட்டில், ஒன்பது பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார். பதினாலாவது வயதில் ஒரு வைத்தியரிடம் வேலை பழகுவதற்காக விடப்பட்டார். அப்படிப் பழகி வந்த காலத்தில், 1831-32ல், கில்லிங்வொர்த் நிலக்கரிச் சுரங்கத்தில் காலரா கண்ட தொழிலாளிகளுக்குச் சிகிச்சை செய்ய அனுப்பப்பட்டார். பின்னர் லண்டனுக்கு வந்து கல்வி கற்றுத் தேர்ந்து, மயக்க மருந்து கொடுக்கும் வித்தையில் பெயர் பெற்றார். 1853-ல் விக்டோரியா மகாராணிக்குப் பிரசவ காலத்தில் குளோரோபாரம் கொடுத்தவர் இவரே.

நோய் காற்றின் வழியே வருமானால் முதலில் நெஞ்சும் நுரையீரலுமே பாதிக்கப்பட வேண்டும். காலராவிலோ முதலில் கெடுவது குடல். ஆகையால் நோயின் வித்து வாய்வழியாக விழுங்கப்பட்டே உள்ளே செல்ல வேண்டும் என்று இவர் யோசித்தார். இக்கருத்தை 1849-ல் ஒரு சிறு பிரசுரமாக வெளியிட்டார். ஆனால் யுக்தி வேறு, ருஜு வேறு. ருஜுவுக்குக் கணக்கு வேண்டியிருந்தது. அதற்குச் சந்தர்ப்பம் ஐந்து ஆண்டுகள் கழித்து வந்தது.

பிராட் தெருப் பம்பு

1854-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 31-ந் தேதி இரவு, லண்டனில் ஸோஹோ என்னும் பகுதியில், பிராட் தெருவையும் அதைச் சுற்றிய சந்துகளையும் காலரா திடீரென்று தாக்கிற்று. மூன்றே நாட்களில் நூற்றிருபதுக்கு மேற்பட்டவர் மாண்டனர். பத்து நாட்களில் அத்தொகை ஐந்நூறைத் தாண்டிற்று. வீட்டைப் பூட்டிக்கொண்டு ஓடக்கூடியவர்கள் எல்லாரும் ஓடினார்கள்.

ஸ்நோ அப்பகுதிக்குச் சென்றார். அவர் முதலில் நாடியது மருந்துப் பெட்டியை அன்று. இறப்புப் பதிவுக் கணக்கை. அந்த வாரத்தில் காலராவினால் இறந்தோர் எண்பத்து மூவரின் ஜாபிதாவைப் பதிவு அலுவலகத்தில் பெற்றுக்கொண்டு, வீடு வீடாக நடந்தார். ஏறக்குறைய எல்லா மரணங்களும் பிராட் தெருவிலிருந்த ஒரு பொதுப் பம்புக்கு அருகிலேயே நிகழ்ந்திருந்தன. வேறு பம்புக்குச் சமீபமான வீடுகளில் இறந்தவர்கள் பத்துப்பேர் மட்டுமே. அவர்களிலும் ஐவர் வீட்டில், ருசிக்காகப் பிராட் தெருத் தண்ணீரையே எப்போதும் வரவழைத்துக் குடிப்பது வழக்கம். இன்னும் மூவர், அந்தப் பம்புக்கு அருகிலிருந்த பள்ளிக்கூடத்துக்குச் சென்றுவந்த பிள்ளைகள்.

பம்பைச் சூழ்ந்த இடத்தில் இறந்த எழுபத்து மூவரில், அறுபத்தொருவர் அத்தண்ணீரை எப்போதுமாவது இடையிடையேயாவது குடித்தவர்கள் என்று தெரிந்தது. அறுவர் குடிக்கவில்லை என்று சொல்லப்பட்டது. மற்ற அறுவரைப் பற்றிச் சொல்ல ஒருவரும் எஞ்சியிருக்கவில்லை, அல்லது தகவல் கிடைக்கவில்லை. தம் கருத்துக்கு அனுகூலமான தொகையை மட்டும் எழுதாமல், பிரதிகூலமானதையும், தெரியாததையும் தனித்தனி இனமாக எழுதி வைத்ததைச் சங்கக் கணக்கு எழுதுவோர் நன்றாகக் கவனிக்க வேண்டும். தெரியாததைத் தெரிந்ததுபோல் எழுதிய கணக்கு, எழுதாத கணக்கைவிடக் கெடுதியானது.

நோய் வராதவர்களின் சாட்சி

யார் நோயுற்றார் என்று கேட்பதோடு ஸ்நோ நிற்கவில்லை. யார் நோயுறவில்லை, ஏன், என்றும் கேட்டார். அந்தப் பம்புக்கு அருகே 535 பேர் வசித்த ஓர் ஏழை விடுதி இருந்தது. அதைச் சுற்றிய வீடுகளில் எல்லாம் சாவு விழுந்திருக்க, விடுதியில் இறந்தவர் ஐந்து பேர்தாம். விசாரித்ததில், விடுதிக்குச் சொந்தக் கிணறு இருந்தது என்றும், பிராட் தெருப் பம்புக்கு அவர்கள் ஆள் அனுப்புவதே இல்லை என்றும் தெரிந்தது. அதே தெருவில் பீர் வடிக்கும் சாலை ஒன்றில் எழுபதுக்கு மேற்பட்ட தொழிலாளிகள் வேலை செய்தார்கள். ஒருவரும் காலராவினால் இறக்கவில்லை. அவர்கள் பம்புத் தண்ணீரைக் குடிக்கும் வழக்கமே இல்லாதவர்கள். சாலைக்குத் தனிக் கிணறும் உண்டு. அதே தெருவிலிருந்த வேறொரு தொழிற்சாலையிலோ, பம்புத் தண்ணீரைத் தொட்டிகளில் நிரப்பித் தொழிலாளிகள் குடிப்பதற்கு வைப்பது வழக்கம். அங்கே பதினெண்மர் இறந்தனர். இம்மூன்று இடத்தாரும் சுவாசித்தது ஒரே தெருவின் காற்று. குடித்த நீரே வேறு.

இவற்றினும் வியப்பான சாட்சி ஒன்று கிடைத்தது. ஸோஹோவுக்கு வெகு தூரத்திலிருந்த ஹாம்ப்ஸ்டெட்டில், நல்ல காற்றோட்டமான இடத்தில், ஒரு மூதாட்டி காலராவினால் இறந்தாள். அவ்வட்டாரத்தில் வேறு ஒருவருக்கும் நோய் இல்லை. அவள் முன்பு பிராட் தெருவில் குடியிருந்தவள். அந்தத் தண்ணீரின் ருசியை மறக்க மாட்டாமல், வண்டிக்காரன் மூலமாக ஒரு புட்டி நீரைத் தினந்தோறும் வரவழைத்துக் குடித்துவந்தாள். அவளைக் காண வந்து அத்தண்ணீரைக் குடித்துச் சென்ற உறவுப் பெண்ணும் தன் ஊரில் நோயுற்று இறந்தாள். காற்று அவ்வளவு தூரம் செல்லவில்லை, தண்ணீர் சென்றது.

செப்டம்பர் 7-ந் தேதி மாலை, அந்த வட்டாரத்து நிர்வாக சபையார் கூடியிருந்த இடத்துக்கு ஸ்நோ சென்று தம் கணக்கைச் சொன்னார். சபையாருக்கு முழு நம்பிக்கை ஏற்பட்டதென்று சொல்ல முடியாது. ஆயினும் மறுநாள் பம்பின் கைப்பிடியைக் கழற்றிவிட உத்தரவிட்டார்கள். நோய் அடங்கிற்று. ஆனால் அதற்கு முன்னமே ஜனங்கள் பெரும்பாலும் ஓடிப்போய்விட்டபடியால் நோய் குறைந்துகொண்டே வந்தது என்பதையும் ஸ்நோ மறைக்காமல் எழுதினார். கைப்பிடியைக் கழற்றியதனால் என்ன லாபம் என்று கேட்போருக்கு, ஒரு பாதிரியாரின் விசாரணை பிறகு விடை அளித்தது.

பதிவுப் புஸ்தகத்தில் ஒரு வரி

ஹென்றி வைட்ஹெட் என்பவர் அந்த வட்டாரத்துக் கோயிலில் ஊழியம் செய்துவந்த இளம் பாதிரியார். ஒவ்வொரு வீட்டாரையும் அவர் நேரில் அறிவார். ஸ்நோவின் கொள்கை தவறென்று காட்டும் எண்ணத்துடனேயே அவர் தாமும் விசாரணை தொடங்கினார். பல மாதங்கள், சில வீடுகளுக்கு நாலைந்து முறைகூடச் சென்று கேட்டார். பிராட் தெருவாசிகளில் பம்புத் தண்ணீர் குடித்தவர்கள் 137 பேரில் 80 பேருக்கு நோய் கண்டிருந்தது. குடிக்காதவர்கள் 297 பேரில் 20 பேருக்கே கண்டிருந்தது. தாம் நினைத்ததற்கு மாறாகக் கணக்கு முடிந்தபோது, அப்பெரியவர் கணக்கை மாற்றவில்லை. தம் அபிப்பிராயத்தை மாற்றிக்கொண்டார்.

அவ்வாறு இறப்புப் பதிவுகளைப் புரட்டிக்கொண்டிருக்கையில் ஒரு சிறு வரி அவர் கண்ணிற்பட்டது. பிராட் தெரு 40-ஆம் எண் வீட்டில், ஐந்து மாதக் குழந்தை, வயிற்றுப்போக்கினால் சோர்ந்து, செப்டம்பர் 2-ந் தேதி இறந்தது என்றிருந்தது. காலரா என்று எழுதப்படவில்லை. ஆனால் அக்குழந்தைக்குப் பேதி கண்டது, தெருவில் பலரும் விழத் தொடங்கியதற்கு முன்பே. அந்த வீடோ பம்புக்கு எதிரிலேயே இருந்தது. வைட்ஹெட் அத்தாயை விசாரித்தார். குழந்தையின் அழுக்குத் துணிகளை அலசிய தண்ணீரை வீட்டு முன்புறத்து மலக்குழியில் ஊற்றியதாக அவள் சொன்னாள். தோண்டிப் பார்க்கையில், குழியின் செங்கற் சுவர் இற்றுப்போயிருந்தது. அதற்கும் பம்புக் கிணற்றுக்கும் இடையே ஒரு கஜ தூரங்கூட இல்லை. குழியின் அசுத்தம் கிணற்றுக்குள் கசிந்திருந்தது.

கைப்பிடியின் விஷயமும் இங்கேதான் தெளிவாயிற்று. அக்குழந்தையின் தகப்பனுக்குக் காலரா கண்டது செப்டம்பர் 8-ந் தேதி; அதாவது பம்பின் கைப்பிடி கழற்றப்பட்ட அதே நாள். அவனுடைய கழிவும் அதே குழியில் ஊற்றப்பட்டது. கைப்பிடி அன்று கழற்றப்படாமல் இருந்திருந்தால், திரும்பி வந்த ஜனங்கள் மறுபடியும் அத்தண்ணீரையே குடித்திருப்பார்கள்.

குழந்தைக்குச் சாதாரணப் பேதிதானே, அதை எழுதுவானேன் என்று பதிவு செய்வோர் அன்று அந்த ஒரு வரியை விட்டிருந்தால், அறுநூறு பேர் மாண்ட காரணம் ஒருகாலும் விளங்கியிராது. இதைச் சிந்திக்க வேண்டும். இதை அறிந்தவர்கள் அந்தத் தாயைத் தூஷிப்பதும் முறையன்று. அவள் தன் பிள்ளையையும் புருஷனையும் இழந்தவள். குற்றம் இற்றுப்போன சுவரிலும், குழியை ஒட்டி வெட்டிய கிணற்றிலும் இருந்தது. கணக்கு எடுப்பது குற்றவாளியைத் தேடுவதற்கன்று, வழியைத் தேடுவதற்கே.

இரண்டு கம்பெனிகளின் பேரேடு

அதே ஆண்டில் ஸ்நோ இன்னும் பெரியதொரு கணக்கு எடுத்தார். லண்டனின் தென்பகுதியில் இரண்டு கம்பெனிகள் குழாய்த் தண்ணீர் கொடுத்துவந்தன. சவுத்வார்க்-வாக்ஸால் கம்பெனி நகரச் சாக்கடை கலந்த இடத்திலேயே தேம்ஸ் நீரை எடுத்தது. லாம்பெத் கம்பெனியோ 1852-ல், சாக்கடை சேருவதற்கு மேலான இடத்துக்குத் தன் நீர்த்துறையை மாற்றிக்கொண்டது. பல தெருக்களில் இரு கம்பெனிகளின் குழாய்களும் சென்றன. அடுத்தடுத்த வீட்டார் வெவ்வேறு கம்பெனியின் தண்ணீரைக் குடித்தார்கள். பணக்காரர், ஏழை, காற்று, தெரு எல்லாம் ஒன்றே. தண்ணீர் ஒன்றுதான் வேறு.

தங்கள் வீட்டுக்கு எந்தக் கம்பெனியின் தண்ணீர் வருகிறதென்பது குடியிருப்போர் பலருக்குத் தெரியவில்லை. வரி கட்டியவர் வீட்டுக்காரர். அப்படிப்பட்ட வீடுகளில் ஸ்நோ ஒரு சிறு புட்டியில் தண்ணீர் எடுத்துவந்து, வெள்ளி உப்பு மருந்து ஒன்றை விட்டுப் பரீட்சித்தார். கீழ்த்துறைத் தண்ணீரில் கடலுப்பு மிகுந்திருந்தமையால் அது அதிகமாகத் திரிந்து காட்டிற்று. முதல் ஏழு வாரத்துக் கணக்கு இவ்வாறு முடிந்தது: சவுத்வார்க்-வாக்ஸால் தண்ணீர் பெற்ற 40,046 வீடுகளில் 1,263 மரணங்கள், லாம்பெத் தண்ணீர் பெற்ற 26,107 வீடுகளில் 98 மரணங்கள். பதினாயிரம் வீட்டுக்கு விகிதம் பார்த்தால், முதலாவதில் 315, இரண்டாவதில் 37.

இங்கே விகிதம் என்பதன் பெருமையைக் காணலாம். ஒரு கிராமத்தில் மேலத்தெருவில் எட்டுப் பேருக்கும் கீழத்தெருவில் ஐந்து பேருக்கும் நோய் கண்டதாக வைத்துக்கொள்வோம். மேலத்தெருவில்தான் நோய் அதிகம் என்று சொல்லத் தோன்றும். ஆனால் மேலத்தெருவில் 200 பேரும், கீழத்தெருவில் 50 பேரும் வசித்தால், முதலாவதில் நூற்றுக்கு நாலு, இரண்டாவதில் நூற்றுக்குப் பத்து. தேட வேண்டிய இடம் கீழத்தெரு. கடன் பாக்கியின் தொகையை மட்டும் பாராமல், நிலுவைக்கும் தவணை தவறியதற்கும் உள்ள விகிதத்தைப் பார்க்கும் சங்கத்தாருக்கு இது எளிதில் விளங்கும்.

இவ்வளவு ருஜு இருந்தும், 1855-ல் விசாரித்த அரசாங்கக் குழு ஸ்நோவின் முடிவை ஏற்கவில்லை. அவர் 1858-ல், நாற்பத்தைந்தாவது வயதில், தம் கொள்கை நிலைபெறுவதைக் காணாமலே காலஞ்சென்றார். 1866-ல் கீழ்லண்டனில் காலரா வந்தபோதுதான், முன்பு கெட்ட வாயுக் கொள்கையை ஆதரித்த வில்லியம் ஃபார் என்னும் புள்ளிக்கணக்கு அதிகாரியும் தண்ணீரே காரணம் என்று கண்டுகொண்டார். ராபர்ட் கோக் என்னும் ஜெர்மானிய விஞ்ஞானி 1884-ல் கல்கத்தாவில் காலராக் கிருமியைத் திடமாக எடுத்துக் காட்டினார். அங்கே குளத்து நீரிலும் அதைக் கண்டார். அதாவது, கிருமி இன்னதென்று உலகம் ஒப்புக்கொள்வதற்கு முப்பது ஆண்டுகள் முன்பே, கணக்கு மட்டும் கொண்டு ஒரு மனிதர் அதன் வழியைக் கண்டுவிட்டார்.

நோய்க்கு நோய் வழி வேறு

எல்லாக் கொள்ளைநோயும் தண்ணீரால் வருவதன்று. 2020-ஆம் ஆண்டில் உலகெங்கும் பரவிய கோவிட் நோயில், ஆரம்பத்தில் ஜனங்கள் பால் பையையும் காய்கறியையும் கழுவுவதிலேயே கருத்தாயிருந்தார்கள். அந்நோய் பெரும்பாலும் மூச்சுக் காற்றின் வழியே பரவுகிறதென்றும், மூடிய அறையில் நெருங்கியிருப்பதே பெரிய அபாயம் என்றும், காற்றோட்டமும் முகக்கவசமும் அதிகம் உதவும் என்றும் பின்னர் தெளிவாயிற்று. காலராவில் காற்றுக்கு அஞ்சித் தண்ணீரை விட்டார்கள். கோவிடில் பொருளுக்கு அஞ்சிக் காற்றை மறந்தார்கள். ஆகையால் ஒரு புதுநோய் வந்தால், இது எந்த வழியாக வருகிறது என்பதே முதற் கேள்வியாயிருக்க வேண்டும். கணக்கு மேலும் சேரச் சேர ஆலோசனையும் திருந்தும். அவ்வாறு திருந்துவது குறையன்று.

வீட்டில் செய்ய வேண்டியவை

காலராவுக்கும் மற்ற வயிற்றுப்போக்கு நோய்களுக்கும் எதிராக ஒவ்வொரு குடும்பமும் செய்யக்கூடியவை வருமாறு:

1. குடிதண்ணீரைக் கொதிக்கவைத்து, நன்றாகக் கொப்புளித்துப் பொங்கிய பின் ஒரு நிமிஷமாவது விட்டு இறக்கி, மூடிவைத்துக் குடிக்க வேண்டும். பானைக்குள் கையை விடாமல் நீண்ட பிடியுள்ள அகப்பையால் எடுக்க வேண்டும்.

2. விறகுக்குக் கஷ்டமான காலத்திலும் சும்மா இருக்கலாகாது. பங்களாதேஷ் கிராமங்களில் பழைய பருத்திப் புடவையைப் பல மடிப்பாக மடித்துத் தண்ணீரை வடிகட்டி வந்ததில் காலரா ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது என்று 2003-ல் வெளியான ஆராய்ச்சி கூறுகிறது. கிருமி ஒட்டிக்கொண்டிருக்கும் நுண்ணிய நீர்ப்பிராணிகள் துணியில் தங்கிவிடுவதே காரணம். இது கொதிக்கவைப்பதற்கு ஈடாகாது; ஒன்றுமில்லாததற்கு மேல்.

3. மலஜலம் கழித்த பின்பும், குழந்தைக்குக் கால் கழுவிய பின்பும், சமைப்பதற்கும் உண்பதற்கும் முன்பும் சோப்பிட்டுக் கை கழுவ வேண்டும். குழந்தையின் மலத்தால் தீங்கில்லை என்று எண்ணுவது எவ்வளவு பெரிய பிசகு என்பதைப் பிராட் தெரு காட்டிவிட்டது.

4. நோயாளியின் துணிகளைக் கிணற்றங்கரையிலோ குளத்திலோ வாய்க்காலிலோ அலசலாகாது. கக்கூஸ் குழி குடிதண்ணீர்க் கிணற்றுக்கு 50 அடிக்குக் குறையாத தூரத்தில் இருக்க வேண்டும்.

5. பேதி தொடங்கியவுடன், டாக்டர் வரும்வரை காத்திராமல், உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுக்க வேண்டும். கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு லிட்டருக்குச் சர்க்கரை தலைதட்டிய தேக்கரண்டி ஆறு, உப்பு தலைதட்டிய தேக்கரண்டி அரை. இதற்கு மேல் உப்புச் சேர்க்கலாகாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கும் பொட்டலம் இருந்தால் அதுவே மேல். வாந்தி எடுத்தாலும் சிறிது பொறுத்து, கரண்டி கரண்டியாகக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். தாய்ப்பாலை நிறுத்தலாகாது. பேதி கண்டவருக்குத் தண்ணீர் கொடுக்கக் கூடாதென்னும் பழைய பேச்சு உயிரைக் கொல்லும்.

6. கண் குழிவிழுதல், மயக்கம், சிறுநீர் நின்றுபோதல் இவற்றில் ஒன்று கண்டாலும், கரைசலைக் கொடுத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டுபோக வேண்டும்.

ஐந்தாவது யோசனையின் மதிப்பை இந்தியாவிலேயே ஒருவர் நிலைநாட்டினார். 1971-ல் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து வந்த அகதிகள் தங்கிய வங்காளத்துப் பன்காவ் முகாமில் காலரா பரவி, ஊசி வழியே ஏற்றும் உப்புநீர் தீர்ந்துபோயிற்று. டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் சோடா உப்பும் குளுக்கோஸும் தண்ணீரில் கரைத்துப் பாத்திரங்களில் நிரப்பி, நோயாளிகளின் உறவினர் கையாலேயே கொடுக்கச் செய்தார். நூற்றுக்கு முப்பது வரையிலிருந்த மரணம் நூற்றுக்கு நாலுக்குள் இறங்கிற்று. அவரும் மரணக் கணக்கை எழுதி வைத்தமையாலேயே உலகம் அதை நம்பியது.

சங்கம் செய்யக்கூடியது

இறுதியாக, எல்லாவற்றிலும் முக்கியமான விஷயம். கிராமத்தில் பேதி கண்டால் பலர் அதை மறைக்கிறார்கள். கடை வியாபாரம் கெடும், பால் வாங்கமாட்டார்கள், கல்யாணம் தடைப்படும், திருவிழா நின்றுபோகும், ஊரார் ஒதுக்குவார்கள் என்னும் அச்சங்களே காரணம். அச்சம் இயற்கையே. ஆனால் குறியே தெரியாதவர்களும் கிருமியைச் சுமக்கும் நோய் இது என்று முன்பு சொன்னோம். ஆகையால் வெளிப்பட்டுத் தெரியும் ஒரு நோயாளிக்குப் பின்னால் தெரியாத பலர் இருக்கிறார்கள். அந்த ஒரு வரியையும் மறைத்துவிட்டால், கிணறு விஷமாகிக்கொண்டிருப்பதை அறிவதற்கு ஊருக்கு வேறு அடையாளமே இராது. மறைத்த வீட்டாரும் நாளைக்கு அதே கிணற்றில்தான் தண்ணீர் இறைக்க வேண்டும்.

எழுதவும் கூட்டவும் பழகிய ஆட்கள் உள்ள இடம் சங்கம். காரியதரிசியோ நிர்வாக சபையாரில் ஒருவரோ ஒரு சாதாரண நோட்டுப் புஸ்தகத்தில் பெயர், வயது, தெரு, பேதி கண்ட நாளும் நேரமும், குடித்த தண்ணீர் எந்தக் கிணறு அல்லது குழாய், முன் ஐந்து நாளில் கலந்துகொண்ட விருந்து அல்லது திருவிழா என்று இனங்கள் போட்டுக்கொண்டு, கண்டவர்களை எழுதலாம். தெருவில் மொத்தம் எத்தனை பேர், நோய் வராத வீட்டார் எந்தத் தண்ணீர் குடிக்கிறார்கள் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். தெரியாததைத் தெரியாது என்றே எழுத வேண்டும். ஒரே தெருவில் இரண்டு பேருக்குப் பேதி கண்டால், அல்லது பெரியவர் ஒருவருக்குக் கஞ்சித்தண்ணீர் போன்ற பேதி கண்டால், அன்றைக்கே கிராம சுகாதாரச் செவிலியருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் தெரிவிக்க வேண்டும். கிணற்றுக்குப் பிளீச்சிங் பவுடர் எவ்வளவு இடவேண்டுமென்பதை அவர்களே நீர் அளவு பார்த்துச் சொல்வார்கள். அப்புஸ்தகத்தை ஒருவரை ஏசுவதற்கோ ஒதுக்குவதற்கோ உபயோகிக்கலாகாது. அவ்வாறு ஒரு முறை நேர்ந்தால் அடுத்த முறை ஒருவரும் உண்மை சொல்லமாட்டார்.

பிராட் தெருப் பம்பின் கைப்பிடியைக் கழற்றியவர்கள் பெரிய மேதாவிகள் அல்லர். ஸ்தல சபையின் சாதாரண அங்கத்தினர்கள். தங்களுக்கு முழு நம்பிக்கை இல்லாவிட்டாலும், தங்கள் முன் வைத்த கணக்கைக் கேட்டு, மறுநாளே ஒரு காரியம் செய்தார்கள். உண்மைக் கணக்கு எழுதுவதும், எழுதிய கணக்கின்படி தாமதமின்றி நடப்பதும் கூட்டுறவுச் சங்கத்தாருக்குப் புதிய தர்மங்கள் அல்ல. பணத்தைக் காக்கும் அந்தத் தர்மமே உயிரையும் காக்கும்.